நாங்களும் மட்டை பிடித்தோம்!

(மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவியர் நால்வர்)

பேட்மின்டன் என்று சொன்னால் எங்கள் பெற்றோரில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பூப்பந்துதான். மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து, அணிக்கு ஐவர், திறந்த வெளி மைதானம். தஞ்சையில் பிறந்த ஆட்டம் என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள். மற்றொன்று இறகுப்பந்து. நூல்களில்தான் அதற்கு இந்த அழகான பெயர். எங்கள் பக்கத்தில் 'ஷட்டில்' என்றால்தான் யாருக்கும் புரியும். நாங்கள் எழுதப் புகுந்தது இந்த ஷட்டிலைப் பற்றியே. பேட்மின்டன் என்பது இங்கிலாந்தில் குளஸ்டர்ஷயரில் உள்ள ஒரு மாளிகையின் பெயர் என்பது உண்மை. ஆனால் 1870-களிலேயே நம் நாட்டுப் பூனாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் இந்த ஆட்டத்தை ஆடி, விதிகளும் வகுத்திருந்தார்கள். ஆகவே, பாதி உரிமையாவது நமக்கு உண்டு!

பிரகாஷ் படுகோன் 1980-லும், கோபிசந்த் 2001-லும் ஆல் இங்கிலாந்துப் பட்டம் வென்றார்கள். சாய்னா நேவால் 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார். சிந்து 2016-ல் ரியோவில் வெள்ளி வென்றார், 2019-ல் உலக சாம்பியன் ஆனார், 2021-ல் டோக்கியோவில் வெண்கலமும் பெற்றார். இவர்களைப் பற்றி எழுதுவோர் பலர். பயிற்சியாளர் இல்லாமல், பதக்கம் பற்றிய நினைப்பும் இல்லாமல், பள்ளி விட்டபின் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில் மட்டை வீசும் எங்களைப் போன்றவரைப் பற்றி யார் எழுதுவார்? நாங்களே எழுதிவிட்டோம்.

முதலில் காற்றைச் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்றை நம் பள்ளியில் படிக்கும் எவருக்கும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. முப்பந்தலில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளுக்கு அது வரம், ஷட்டிலுக்கோ சாபம். ஷட்டிலின் எடை ஏறக்குறைய 5 கிராம்தான். வைகாசி பிறந்தால் புரட்டாசி வரை அதன் போக்கை நிர்ணயிப்பது நம் மட்டை அன்று, காற்று. நம் ஆட்டக்களமோ கிழக்கு மேற்காக அமைந்தது. கிழக்குப் பக்கம் நிற்பவள் காற்றை எதிர்த்து அடிக்க வேண்டும். மாலை வெயிலும் அவள் கண்ணிலேயே விழும். அந்தப் பக்கத்திற்கு நாங்கள் வைத்த பெயர் 'முழங்கால் போடும் பக்கம்'. அங்கிருந்து முழு வலுவோடு அடித்த ஷட்டில் வலையைத் தாண்டி, சற்று யோசித்து, அடித்தவள் தலைமேலேயே திரும்பி வந்து விழுந்த நாள்கள் உண்டு.

மேற்குப் பக்கம் நிற்பவளுக்கு வேறு துன்பம். மெல்லத் தொட்டாலும் ஷட்டில் எல்லைக்கோட்டைத் தாண்டி வேப்பமரத்தில் போய் அமரும். காவல்காரப் பாட்டா தொரட்டியோடு வருவார். "இந்த மரத்துல வேப்பங்காயைவிட உங்க காய்தான் அதிகம், மக்களே" என்பார். ஒருமுறை மரத்தை உலுக்கியதில் எங்களுடையது ஒன்றும், எங்களுக்கு முன் படித்த அக்காமார்களுடையவை மூன்றும் விழுந்தன.

திறந்த வெளியில் ஆடுவதற்கென்றே காற்றைத் தாங்கும் புதுவகை ஷட்டிலை உலக பேட்மின்டன் கூட்டமைப்பு 2019-ல் அறிமுகம் செய்ததாகப் படித்தோம். எங்கள் ஊர்க் கடைக்காரரிடம் கேட்டோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வழக்கமான நைலான் டப்பாவை எடுத்து வைத்தார். நைலான் ஷட்டிலில் மூன்று வேகம் உண்டு. பச்சைப் பட்டை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு விரைவானது. வெப்பம் மிகுந்தால் காற்று லேசாகி ஷட்டில் விரைந்து போகும் என்பதால் நம் ஊருக்குப் பச்சையே ஏற்றது. கடையில் என்றும் இருப்பது நீலம்! ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு வாங்கும் பொருளுக்கு நிறம் கேட்க நமக்கு வாய் ஏது?

இவை போதாவென்று, உடற்கல்விப் பாடவேளை என்று கால அட்டவணையில் அழகாக எழுதியிருக்கும். அந்த வேளையில் கணக்கோ இயற்பியலோ வந்து அமர்ந்துகொள்ளும். (டீச்சர்மார்கள் பொறுத்தருள்க. தேர்வு நெருங்குவது எங்களுக்கும் தெரியும்.) வீட்டிலோ, வெயிலில் கறுத்துப் போவாய் என்னும் பாட்டு. மட்டையின் நரம்பு அறுந்தால் நாகர்கோவிலுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். அது போய் வர இரண்டு வாரம்.

நிற்க. ஒன்பதாம் வகுப்பில் மட்டை பிடித்தபோது நாங்கள் நால்வரும் எல்லாரையும் போலத் தோசைக்கரண்டியைப் பிடிப்பதுபோலத்தான் பிடித்தோம். ஷட்டில் வந்தால் தட்டுவோம், வராவிட்டால் சிரிப்போம். அந்த ஆண்டு மடத்தில் ஓய்வுக்காக வந்து சேர்ந்தார் ஒரு சிஸ்டர். வயது எழுபதைக் கடந்தவர். தம் பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் 'சிஸ்டர்' என்றே எழுதுகிறோம். நான்கு நாள் வராந்தாவில் நின்று எங்கள் ஆட்டத்தைப் பார்த்தவர், ஐந்தாம் நாள் இறங்கி வந்து, "பிள்ளைகளா, அந்த மட்டையை இப்படிக் கொடு" என்றார். வெள்ளை அங்கியை ஒரு கையால் சற்று உயர்த்திக்கொண்டு அவர் போட்ட சர்வீஸ் வலையை உரசாமல் உரசிச் சென்று, முன்கோட்டின் மேல் விழுந்தது. நெட்டையான எங்கள் தோழி குனிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கல்லூரி நாள்களில் ஆடியவராம். அவர் காலத்தில் சர்வீஸ் போட்டவருக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். பெண்கள் ஒற்றையர் ஆட்டம் 11 புள்ளி, இரட்டையர் 15. சர்வீஸ் கையில் இருக்கும்போது தவறினால் சர்வீஸ் போகுமே தவிர, எதிராளிக்குப் புள்ளி போகாது. 2006-ல் வந்த 21 புள்ளி முறையில் யார் தவறினாலும் மற்றவருக்குப் புள்ளி. "உங்கள் காலத்தில் மன்னிப்பே கிடையாதா!" என்று சிஸ்டர் வியந்தார்.

அவர் கற்பித்தது மிகக் கொஞ்சம். அதைத்தான் மூன்று ஆண்டாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். மட்டையை ஒருவரோடு கைகுலுக்குவதுபோலப் பிடிக்க வேண்டும். இது ஒன்று. களத்தின் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, அதற்கு 'வீடு' என்று பெயரிட்டார். ஒற்றையர் ஆட்டத்தில் எந்த மூலைக்கு ஓடி அடித்தாலும், அடித்த கையோடு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இது இரண்டு. நல்ல அடி ஒன்று அடித்துவிட்டால் அங்கேயே நின்று அதன் அழகைப் பார்ப்பது எங்கள் வழக்கம். "அழகு பார்த்தது போதும், வீட்டுக்கு வா!" என்று வராந்தாவிலிருந்து குரல் வரும். சாலையில் போவோர் எவளோ ஒரு பெண் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று எண்ணியிருப்பார்கள்.

மூன்றாவது, சுவர். சைக்கிள் கொட்டகையின் பின்சுவரில் ஷட்டிலைக் கீழே விடாமல் தொடர்ந்து அடிக்க வேண்டும். கணக்குப் புலியான எங்கள் தோழி இதற்கென ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்தாள். முதல் நாள் கணக்கு: 7, 5, 9, 4. ஒரு மாதத்தில் இருபதைத் தாண்டினோம். இரண்டாம் மாதம் முப்பத்தைந்து. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அதன்பின் வந்ததுதான் சோதனை. நாற்பதை நெருங்குவோம், விழும். 38, 39, 37, 41, 36. ஐந்து வாரம் இதே கதை. காற்று இல்லை, வெயில் இல்லை, எதிராளிகூட இல்லை. பழி போட ஒரு சுவர்தான் இருந்தது. ஒன்றும் வராதபோது ஏற்படும் சலிப்பைவிட, ஓரளவு வந்தபின் நின்றுபோவதில் ஏற்படும் சலிப்பு பொல்லாதது. நோட்டைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று எங்களில் இருவர் சொன்னோம். வேண்டாம், எழுதுவதை நிறுத்தலாம் என்று மற்ற இருவர் சொன்னோம்.

சிஸ்டர் வந்து பார்த்தார். அவர் ஷட்டிலைப் பார்க்கவில்லை; எங்கள் கை முட்டியைப் பார்த்தார். எண்ணிக்கை முப்பதைத் தாண்டியதும் விரல்கள் மட்டையை நெரிக்கத் தொடங்குகின்றன என்று கண்டுபிடித்தார். பிடி இறுகினால் மணிக்கட்டு சுழலாது. மணிக்கட்டு சுழலாவிட்டால் தோள் முழுவதும் உழைக்க வேண்டும். தோள் சீக்கிரம் களைத்துவிடும். "உரக்க எண்ணாதே, மனத்துக்குள் எண்ணு. அடிப்பவளுக்குக் கேட்கக் கூடாது" என்று கணக்குக்காரியிடம் சொன்னார். மறுவாரம் 58. அதற்கடுத்த வாரம் 96!

பிடியைத் தளர்த்தி வைத்திருந்து, ஷட்டில் படும் கணத்தில் மட்டும் இறுக்க வேண்டும் என்பது சொல்வதற்கு எளிது. எங்களுள் அது முதலில் கைவந்தது பூக்காரத் தோழிக்கு. அவள் வீடு தோவாளைப் பக்கம். அம்மா பூக் கட்டுபவர். ஐந்து வயது முதல் பிச்சியும் மல்லிகையும் தொடுத்த விரல்கள் அவளுடையவை. "நார் கையில சும்மா கிடக்கும், பூவை வச்சு முடிச்சைச் சுண்டும்போதுதான் இழுப்போம். இதுவும் அதேதான்" என்று மட்டையை விரலில் உருட்டிக் காட்டினாள். வலையருகே அவள் தொடும் டிராப் அடி, பூ உதிர்வதுபோல வலையின் அந்தப் பக்கம் விழும். வேகத்தைப் பற்றிப் பேசுவோர் பேசட்டும். நம் நாட்டுச் சாத்விக் சாய்ராஜ் 2023-ல் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் ஏறியிருக்கிறது. ஷட்டிலின் விந்தையே, அத்தனை வேகத்தில் கிளம்பினாலும் அதன் இறகுக் கூம்பு காற்றைத் தடுத்து, எதிராளியை அடைவதற்குள் வேகத்தில் பெரும்பகுதியைக் கரைத்துவிடுவதுதான். வேகமாக அடிப்பவளைவிட மெதுவாக வைக்கத் தெரிந்தவளைக் கண்டே நாங்கள் அஞ்சுவோம்.

பதினோராம் வகுப்பில், காற்றுக்குத் தப்ப ஒரு வழி பிறந்தது. மண்டபத்தில் கல்யாணம் இல்லாத நாள்களில் மாலை ஐந்தரை வரை ஆடிக்கொள்ளலாம் என்று பங்கில் அனுமதி தந்தார்கள். நாற்காலிகளை ஓரமாக அடுக்கி, அளவு நாடாவால் 44 அடி நீளமும் 20 அடி அகலமும் அளந்து கோடு போட்டோம். உள்ளே ஆடிய முதல் நாள் எல்லாம் தலைகீழ்! காற்றோடு மல்லுக்கட்டிப் பழகிய கை அடித்த டாஸ் எல்லாம் மேடையில் மணமக்கள் உட்காரும் இடத்திற்குப் போயின. மேலே ஆறு மின்விசிறிகள் வேறு; அதில் பட்டால் எதிரணிக்குப் புள்ளி என்று எங்களுக்குள் விதி செய்துகொண்டோம். உயர்த்தி அடிக்க முடியாததால் தாழ்வாகவும் நேராகவும் அடிக்கக் கற்றோம். பெங்களூரில் பிரகாஷ் படுகோன் சிறுவயதில் பழகியதும் கனரா யூனியன் சங்கத்தின் கல்யாண மண்டபத்தில்தான், முகூர்த்த நாளில் அவருக்கும் ஆட்டம் கிடையாது என்று சிஸ்டர் சொன்னபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. ஆல் இங்கிலாந்துக்கும் எங்களுக்கும் உள்ள தூரத்தில் அந்த ஒரு மண்டபம் அளவு குறைந்ததுபோல இருந்தது.

ஆனால் முகூர்த்தம் எங்களை இரண்டு பக்கமும் அடித்தது. கல்யாண நாளில் மண்டபமும் இல்லை, பூக்காரத் தோழியும் இல்லை. முந்தின நாளே அவள் நான்கு மணிப் பேருந்தில் பறந்துவிடுவாள். ஆவணி, ஐப்பசி, தை மாதங்களில் வாரத்தில் ஒருநாள் அவள் கிடைத்தால் அதிசயம். இரட்டையர் ஆட்டத்துக்கு நால்வர் வேண்டுமே! மூவராக ஆடும் ஆட்டம் ஒன்றை நாங்களே கண்டுபிடித்தோம். அது அவ்வளவு நன்றாயிருக்கவில்லை.

மேல்நிலை இரண்டாம் ஆண்டு வந்தபோது அவள் ஆட்டத்தையே விட்டுவிடும் நிலை வந்தது. படிப்பு, பூ இரண்டுக்குமே பொழுது போதவில்லை. மூன்றாவதாக மட்டை எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். அது நியாயமற்ற கேள்வி என்று எங்களால் சொல்ல முடியவில்லை. ஒரு முழம் பூவுக்கு என்ன கூலி என்று அவள் எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா ஓரளவு இளகியதற்குக் காரணம் எங்கள் பேச்சு அன்று. 2024 செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்கில் நம் தமிழ்நாட்டுப் பெண்கள் மூவர் பேட்மின்டனில் பதக்கம் வென்றார்கள். துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். அரையிறுதியில் துளசிமதியும் மனிஷாவும் ஒருவரையொருவர் எதிர்த்தே ஆட வேண்டியிருந்தது. கையில் குறைபாட்டோடு பிறந்த அந்தப் பிள்ளைகள் ஓடியாடியதைத் தொலைக்காட்சியில் பார்த்ததை அம்மா மறக்கவில்லை. "குறுவட்டப் போட்டி வரைக்கும் போ. அப்புறம் பார்ப்போம்" என்றார்.

குறுவட்டப் போட்டி எந்த வாரத்தில் வந்தது தெரியுமா? ஓணத்துக்கு முந்தின வாரத்தில்! தோவாளைச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு வண்டி வண்டியாகப் பூ போகும் நேரம். ஒரு கையும் சும்மா இருக்க முடியாது. போட்டிக்கு முந்தின மாலை நாங்கள் மூவரும் வீட்டில் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தோம். இரவு எட்டரை வரை கட்டினோம். நெட்டைக்காரி கட்டிய சரத்தை அம்மா தூக்கிப் பிடித்தார். பாதிப் பூ மடியில் உதிர்ந்தது. "இதை யாரு தலையில வைப்பா, மக்களே? தெரு முனைக்குப் போகும் முன்னே வெறும் நாரு தொங்கும்" என்று சிரித்தார். பிறகு எங்களைக் கட்ட விடவில்லை. மொட்டையும் மலர்ந்ததையும் பிரித்துக் கொடுக்கும் வேலை தந்தார். அதை ஒழுங்காகச் செய்தோம். மறுநாள் பிற்பகல் வரை அவளுக்கு விடுமுறை கிடைத்தது.

போட்டியில் பூக்காரியும் நெட்டைக்காரியும் இரட்டையர். மற்ற இருவரும் பதிலிகள். முதல் சுற்றில் வென்றோம். இரண்டாம் சுற்றில், பத்தாம் வகுப்பில் எங்களை 21–4, 21–6 என்று துடைத்து அனுப்பிய அதே பள்ளி. அவர்கள் பயிற்சியாளரிடம் பழகுபவர்கள். அங்கு நிஜ இறகு ஷட்டில். பதினாறு இறகும் கலையாமல் வெள்ளை வெளேரென்றிருந்தது. எங்களுக்கு நைலானே பழக்கம். இறகு ஷட்டில் கடைசியில் செங்குத்தாக இறங்கும். அது பிடிபடுவதற்குள் முதல் ஆட்டம் 9–21 என்று போய்விட்டது. இரண்டாவதில் டாஸ் அடிப்பதை விட்டு, மண்டபத்தில் மின்விசிறிக்குப் பயந்து கற்ற தாழ்ந்த அடிகளையே அடித்தார்கள். பூக்காரி வலையருகே ஒன்றன்பின் ஒன்றாகச் சொட்ட வைத்தாள். 21–18! எதிரணிப் பயிற்சியாளர் எழுந்து நின்றுவிட்டார். மூன்றாவதில் 18–18 வரை வந்தது. பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் நெரித்துக்கொண்டிருந்தோம். சிஸ்டர் பார்த்திருந்தால் பிடியைத் தளர்த்தச் சொல்லியிருப்பார். பிறகு மூன்று புள்ளியும் அவர்களுக்கே. 18–21.

நெட்டைக்காரி பேருந்தில் ஏறும்வரை அடக்கிக்கொண்டு, ஏறியதும் அழுதாள். பூக்காரி அழவில்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மா கூடையிலிருந்து தலை தூக்காமலேயே, "எத்தனை?" என்றார்.

"பதினெட்டு. தோத்துட்டோம்மா."

"முன்னே அவங்ககிட்டே எத்தனை?"

"நாலு."

அம்மா சற்று நேரம் நாரைச் சுண்டிக்கொண்டிருந்தார். "அப்போ பதினாலு கூடியிருக்கு" என்று சொல்லிப் பூக்கூடையை அவள் பக்கம் தள்ளினார். அடுத்த புதன்கிழமை அவள் மண்டபத்துக்கு வந்தாள். பொதுத்தேர்வு நெருங்கும் இந்த நாளிலும் வாரத்துக்கு ஒருமுறை வருகிறாள்.

இனி ஒரு வேண்டுகோள். இப்போது புதன்கிழமைகளில் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் பதினொருவர் வருகிறார்கள். சுவர்க் கணக்கு நோட்டு அவர்கள் கையில் இருக்கிறது. அவர்களுடைய இப்போதைய எண்ணிக்கை 23. பதினொருவருக்கும் சேர்த்து நல்ல மட்டை நான்குதான். பெற்றோர் வீடுகளில் பரணில் கிடக்கும் பழைய மட்டை எதுவாயினும், நரம்பு அறுந்ததாயினும் சரி, கொடுத்தனுப்பினால் நன்றியோடு பெற்றுக்கொள்வோம். வாயிலில் காவல்காரப் பாட்டாவிடம் கொடுத்தால் போதும். ஷட்டில் கொடுப்பவர்கள் பச்சைப் பட்டையாகப் பார்த்துக் கொடுக்கவும்.